சபாங் முதல் மெராவ்கே வரை: ஒரு தீவுநாட்டின் நான்கு முனைகள்

நிலத்தோடு நிலம் ஒட்டிக் கிடக்கும் நாடுகளுக்கு எல்லை என்பது அண்டை நாட்டின் தொடக்கமாகும். அங்கே ஒரு கல் நாட்டப்பட்டிருக்கும்; ஒரு சாவடி இருக்கும்; காவலர் நிற்பர். தீவுநாட்டின் நிலைமை வேறு. அதன் கடைசித் தீவின் கடைசிப் பாறைக்கு அப்பால் இருப்பது நீர்ப்பரப்பே. அந்த நீரில் கல் நாட்ட இயலாது. அப்படியாயின் ஒரு தீவுநாடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? அதன் நடுவிலுள்ள கடல் யாருக்குச் சொந்தம்? ஒரு முனையில் சூரியன் மறையும்போது மறுமுனையில் நடுப்பிற்பகல் என்றால், அந்நாட்டு முஸ்லிம்கள் ஒரே நாளில் நோன்பைத் தொடங்குவது எவ்வாறு? புவியியல், சர்வதேசச் சட்டம், ஃபிக்ஹு ஆகிய மூன்று துறைகளும் இவ்வினாக்களில் வந்து கூடுகின்றன.

இவற்றை ஆராய இந்தோனேஷியாவைக் காட்டிலும் பொருத்தமான நாடு வேறில்லை. முஸ்லிம்கள் மிகுதியாக வாழும் நாடுகளின் முன்வரிசையில் நிற்கும் அது, உலகின் மிகப் பெரிய தீவுக்கூட்ட நாடுமாகும். 17,000-க்கும் மேற்பட்ட தீவுகள், வடக்கே 6 பாகை முதல் தெற்கே 11 பாகை வரையிலும், கிழக்கு நெட்டாங்கு 95 பாகை முதல் 141 பாகை வரையிலும் சிதறிக் கிடக்கின்றன. மேற்கிலிருந்து கிழக்கு வரையிலான நீளம் சுமார் 5,100 கிலோமீட்டர். நம் நாட்டின் வடமுனைக்கும் தென்முனைக்கும் இடைப்பட்ட தொலைவு 3,200 கிலோமீட்டரே என்பதை ஒப்பிட்டால் இதன் பரப்பு ஒருவாறு விளங்கும்.

பெயரளவு முனைகளும் மெய்யான முனைகளும்

நாம் 'காஷ்மீர் முதல் கன்னியாகுமரி வரை' என்று சொல்வதைப்போல், இந்தோனேஷியர் தம் நாட்டின் முழுமையைக் குறிக்க 'சபாங் முதல் மெராவ்கே வரை' என்பர். இது மேற்கு-கிழக்கு அளவு. வடக்கு-தெற்கு அளவுக்கு 'மியாங்காஸ் முதல் ரோத்தே வரை' என்னும் தொடர் வழங்குகிறது. பள்ளிச் சிறுவர் முதல் ஆட்சித் தலைவர் வரை அனைவர் நாவிலும் பயிலும் தொடர்கள் இவை.

எனினும் நிலப்படத்தை விரித்து நுணுகி நோக்கினால், இந்நான்கு பெயர்களுள் ஒன்றுகூடத் துல்லியமான கடைக்கோடியைக் குறிக்கவில்லை என்பது புலனாகும். சபாங், சுமத்ராவின் வடமேற்கே வே என்னும் தீவில் அமைந்த நகரம். அதற்கும் மேற்கே, 95 பாகைக் கோட்டைச் சற்றே தாண்டிக் கிடக்கிறது பெங்காலா என்னும் சிறு தீவு. மெய்யான மேற்கு முனை அதுவே. மியாங்காஸ் வடக்கு அகலாங்கு 5 பாகை 34 கலையில் உள்ளது. ஆனால் வே தீவுக்கு வடமேற்கே உள்ள ரோண்டோ தீவு 6 பாகை 4 கலையில், ஏறத்தாழ 55 கிலோமீட்டர் அதிக வடக்கே இருக்கிறது. தெற்கில் ரோத்தேக்கும் அப்பால், 11 பாகைக் கோட்டின் அருகே டானா என்ற தீவு கிடக்கிறது. பமானா என்றும் அதனை அழைப்பர். கிழக்கில் மெராவ்கே நகரைக் கடந்து சோத்தா என்னும் எல்லைச் சிற்றூரை அடைந்த பின்னரே பாப்புவா நியூகினியின் எல்லை வருகிறது.

இவ்வேறுபாட்டிற்குக் காரணம் எளிது. பெங்காலாவும் ரோண்டோவும் டானாவும் ஊர்கள் அமையாத சின்னஞ்சிறு தீவுகள். சபாங்கிலும் மியாங்காஸிலும் ரோத்தேயிலும் மெராவ்கேயிலும் ஊரும் குடியும் உண்டு. மக்கள் தம் நாட்டை அளக்கும்போது பாறைகளைக் கொண்டு அளக்கவில்லை. மனிதர் வாழும் கடைசி இடத்தைக் கொண்டு அளந்தனர். இவ்வழக்கு அறியாமையால் விளைந்ததன்று. எல்லை என்பதன் உட்பொருளை அது எத்துணைச் சரியாக உணர்த்துகிறது என்பதைப் பின்னர்க் காண்போம்.

மேற்கு: ஹஜ்ஜின் வாயில்

மேற்கு முனை அமைந்த மாகாணம் அச்சே. இஸ்லாம் இத்தீவுக்கூட்டத்தில் முதன்முதலாக ஓர் அரசாக வேரூன்றிய நிலம் இது. இதன் வடகரையிலிருந்த சமுத்ரா-பாஸை அரசின் மன்னர் மலிக்குஸ் ஸாலிஹ் 1297-இல் காலமானதை அவரது கல்லறைக் கல் அறிவிக்கிறது. அதற்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டிற்குப் பின் அங்கு வந்திறங்கிய இப்னு பதூதா, அவ்வரசின் சுல்தான் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுபவர் என்பதைப் பதிவு செய்திருக்கிறார். தமிழகக் கடற்கரை முஸ்லிம்களும் இம்மத்ஹபினரே என்பதும், வங்கக் கடலின் இரு கரைகளையும் வணிகரும் மார்க்க அறிஞரும் இணைத்தனர் என்பதும் நம் வாசகர் அறிந்தவை.

மக்காவை நோக்கிப் புறப்படும் கப்பல்களுக்குக் கடைசித் துறையாக விளங்கியமையால் அச்சேக்கு 'மக்காவின் முன்றில்' என்னும் சிறப்புப் பெயர் ஏற்பட்டது. டச்சுக்காரர் ஆட்சியில் சபாங், நீராவிக் கப்பல்கள் நிலக்கரி நிரப்பிக்கொள்ளும் துறைமுகமாக வளர்ந்தது. அதன் அருகேயுள்ள ரூபியா என்னும் சிறு தீவில், ஹஜ் பயணிகளை நோய்த்தொற்று கருதித் தனியே தங்கவைக்கும் நிலையம் இயங்கியது. எனவே, ஒரு நாட்டின் முடிவிடமாக நிலப்படத்தில் தோன்றும் சபாங், பல்லாயிரம் பயணிகளுக்கு வாழ்வின் மிகப் பெரிய பயணத்தின் வாயிலாக இருந்தது.

இம்முனை நமக்கு அயலானதும் அன்று. ரோண்டோவிலிருந்து இந்தியாவின் தென்கோடியான பெரிய நிக்கோபாரின் இந்திரா முனை ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ளது. இவ்விரு நாடுகளின் கண்டத்திட்டு எல்லை 1974-இல் உடன்படிக்கையால் வரையறுக்கப்பட்டது. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராக் கரையை உலுக்கிய நிலநடுக்கம் இரு முனைகளையும் ஒருசேரத் தாக்கியது. அச்சேயில் ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இந்திரா முனையில் நிலம் நான்கு மீட்டருக்கும் மேல் தாழ்ந்து, கரையில் நின்ற கலங்கரை விளக்கத்தின் அடி நீருக்குள் சென்றது. அதே அலை தமிழகக் கரையையும் எட்டியதை நாம் மறக்கவில்லை.

அவ்வழிவின் பின்னர் ஒரு நன்மையும் விளைந்தது. 1976 முதல் அச்சேயில் நடைபெற்றுவந்த பிரிவினைப் போர், 2005 ஆகஸ்ட் 15 அன்று ஹெல்சிங்கியில் கையொப்பமான உடன்பாட்டால் முடிவுக்கு வந்தது. கடைக்கோடி புறக்கணிக்கப்பட்டால் நாடே பிளவுறும் என்பதை அந்த முப்பதாண்டுப் போர் உணர்த்தியது.

கிழக்கு: நாடுகடத்தப்பட்டோரின் நிலம்

மறுகோடியான மெராவ்கே 1902-இல் டச்சுக்காரரால் நிறுவப்பட்ட ஊர். 2022-இல் தோற்றுவிக்கப்பட்ட தெற்குப் பாப்புவா மாகாணம் இதனை மையமாகக் கொண்டது. இங்கு எல்லை என்பது கடலன்று. நியூகினித் தீவை இரண்டாகப் பிளக்கும் ஒரு நேர்கோடு. காலனிய வல்லரசுகள் நெட்டாங்கு 141 பாகையை ஒட்டி வரைந்த கோடு அது. ஃப்ளை ஆறு குறுக்கிடும் இடத்தில் மட்டும் கோடு வளைந்து ஆற்றின் போக்கில் செல்கிறது. அங்கு வாழும் பழங்குடியினரைக் கேட்டு அக்கோடு வரையப்படவில்லை.

மெராவ்கேக்கு வடக்கே, டிகுல் ஆற்றின் மேற்பகுதியில், விடுதலைப் போராட்ட வீரர்களை அடைத்துவைக்க டச்சு அரசு ஒரு முகாமை அமைத்திருந்தது. சுற்றிலும் காடு, காட்டினுள் மலேரியா. பின்னாளில் குடியரசின் முதல் துணைத் தலைவரான முஹம்மது ஹத்தாவும், முதல் பிரதமரான சுதான் ஷரீரும் 1935-இல் அங்கு அனுப்பப்பட்டனர். மேற்குச் சுமத்ராவின் மைந்தரான ஹத்தா, தம் நாட்டின் மறுகோடியைக் கைதியாகவே முதலில் கண்டார். ஒரு காலனிய அரசுக்கு முனை என்பது வேண்டாதவரை வீசி எறியும் இடம். விடுதலை பெற்ற நாட்டிற்கோ அதுவே முழுமையின் அடையாளம்.

இந்நிலப்பகுதி இந்தோனேஷியாவின் ஆட்சிக்கு வந்தது 1963-இல். 1969-இல் நடைபெற்ற கருத்தறியும் நிகழ்வில் பொதுமக்கள் அனைவரும் வாக்களிக்கவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட ஆயிரத்துச் சொச்சம் பேரே கலந்துகொண்டனர். அதன் முறைமை குறித்த விவாதமும் பாப்புவா மக்களின் மனக்குறையும் இன்றளவும் ஓயவில்லை. கோட்டைக் காப்பதனால் மட்டும் முனை நாட்டோடு இணைந்துவிடுவதில்லை என்பதற்கு இது சான்றாகும்.

இன்னொன்றும் இங்கு நோக்கத்தக்கது. மேற்கு முனை முஸ்லிம்களின் நிலம். ஆனால் மியாங்காஸும் ரோத்தேயும் பெரும்பான்மையாகக் கிறிஸ்தவர் வாழும் தீவுகள். மெராவ்கேயிலோ கத்தோலிக்கரான பூர்வகுடிகளும், ஜாவா முதலிய தீவுகளிலிருந்து குடியேறிய முஸ்லிம்களும் அருகருகே வாழ்கின்றனர். ஆக, முஸ்லிம் பெரும்பான்மை நாடொன்றின் நான்கு முனைகளுள் மூன்றை, அங்கு தொன்றுதொட்டு வாழும் பிற சமயத்தினரே தாங்கி நிற்கின்றனர்.

தெற்கு: பனை மரங்களின் தீவு

தென்முனையான டானாவில் எல்லைக் காவல் பொறுப்பேற்ற படையினர் தங்குவதன்றி, ஊர் ஏதும் இல்லை. அதன் வடக்கேயுள்ள ரோத்தே, மழை குறைந்த வறண்ட தீவு. அத்தீவு மக்களின் வாழ்வு பனை மரத்தை நம்பியது. பாளை சீவிப் பதநீர் இறக்குவதும், அதனைக் காய்ச்சிப் பாகாக்கிச் சேமிப்பதும், ஓலையால் கூரை வேய்வதும் நம் தென்மாவட்டத்தினருக்குப் புதியன அல்ல. ஓலையைக் குடைபோல் மடித்து அதன் நடுவில் மூங்கிற்குழலையும் நரம்புகளையும் பொருத்தி அவர்கள் மீட்டும் 'சசாண்டோ' என்னும் இசைக்கருவி மட்டுமே நமக்குப் புதியது.

ரோத்தே மீனவர் பல தலைமுறைகளாகத் தெற்கே சென்று மீனும் கடல் அட்டையும் சேகரித்துவந்த ஆஷ்மோர் திட்டு, இன்று ஆஸ்திரேலியாவுக்குரியது. 1974-இல் இரு நாடுகளும் செய்துகொண்ட ஒப்பந்தம், மரபு முறையில் பாய்மரப் படகில் வருவோர் மட்டும் அப்பகுதியில் மீன்பிடிக்க இடமளித்தது. 1974 என்றவுடன் தமிழக வாசகருக்குக் கச்சத்தீவு நினைவுக்கு வருவது இயல்பு. கடலை முதலில் அறிந்தவன் மீனவன். கோடு வரைபவர் பிறகு வருகின்றனர். அவனது உரிமையை எவ்வளவு மதிப்பது என்பது கோடு வரைபவரின் நீதியுணர்வைப் பொறுத்ததாகிவிடுகிறது.

வடக்கு: ஒரு தீர்ப்பும் அதன் பாடமும்

மியாங்காஸ், மூன்று சதுர கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் சிறு தீவு. பிலிப்பைன்ஸின் மிந்தனாவோத் தீவுக்கும் இந்தோனேஷியாவின் நானூசாத் தீவுகளுக்கும் ஏறத்தாழ நடுவில் அது கிடக்கிறது. பழைய ஆவணங்கள் இதனைப் பால்மாஸ் என்று அழைக்கின்றன. 1898-இல் பாரிஸ் உடன்படிக்கையின்படி ஸ்பெயின் பிலிப்பைன்ஸை அமெரிக்காவிடம் ஒப்படைத்தபோது, அதில் குறிக்கப்பட்ட எல்லைக்குள் இத்தீவும் அடங்கியிருந்தது. 1906-இல் அமெரிக்கப் படைத்தளபதி லெனார்ட் வுட் அங்குச் சென்றிறங்கினார். தம்முடையது என்று கருதிய தீவில் டச்சுக் கொடி பறப்பதைக் கண்டார்.

வழக்கு நடுவர் மன்றத்திற்குச் சென்றது. சுவிட்சர்லாந்தின் சட்ட அறிஞர் மாக்ஸ் ஹூபர் தனி நடுவராக இருந்து 1928 ஏப்ரல் 4 அன்று தீர்ப்பளித்தார். அமெரிக்கா இரு வாதங்களை முதன்மையாக முன்வைத்தது. ஸ்பெயின்காரரே தீவை முதலில் கண்டுபிடித்தனர் என்பது ஒன்று. தீவு பிலிப்பைன்ஸை ஒட்டிய பகுதி என்பது மற்றொன்று. இரண்டையும் நடுவர் ஏற்கவில்லை. கண்டுபிடிப்பு என்பது முழுமை பெறாத உரிமையையே தரும். அதனைத் தொடர்ந்து ஆட்சி நிகழாவிடில் அவ்வுரிமை நிலைக்காது. அருகாமை என்பதும் உரிமைக்கு அடிப்படையாகாது. ஓரிடத்தில் இடையறாதும் அமைதியாகவும் அரசதிகாரத்தைச் செலுத்தி வந்தவர் எவரோ, அவருக்கே அவ்விடம் உரியது என்பது தீர்ப்பின் சாரம். தீவு டச்சுக்காரர் வசமாகி, அவர்வழி இந்தோனேஷியாவுக்கு வந்தது. சர்வதேசச் சட்டம் பயிலும் மாணவர் உலகெங்கும் இன்றும் கற்கும் தீர்ப்பு இது.

இப்பாடத்தின் மறுபக்கத்தை இந்தோனேஷியா 2002-இல் கற்றது. போர்னியோவின் வடகிழக்குக் கரைக்கு அப்பாலுள்ள சிப்பாடான், லிகித்தான் ஆகிய இரு சிறு தீவுகள் யாருக்குரியவை என்ற வழக்கில், சர்வதேச நீதிமன்றம் 16-க்கு 1 என்ற வாக்கு விகிதத்தில் மலேசியாவுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. பிரிட்டிஷ் வடபோர்னியோ நிர்வாகம் அங்கு ஆமை முட்டை சேகரிப்பை ஒழுங்குபடுத்தியதும், 1960-களின் தொடக்கத்தில் கலங்கரை விளக்கங்களை எழுப்பியதும் சான்றுகளாயின. இந்தோனேஷியாவோ, 1960-இல் தான் இயற்றிய கடல் எல்லைச் சட்டத்தில் இவ்விரு தீவுகளையும் எல்லைப் புள்ளிகளாகக் குறிக்கவேயில்லை. முட்டைக்கு விதி வகுத்தவன் வென்றான்; தீவை மறந்தவன் இழந்தான். இத்தீர்ப்பிற்குப் பின்னரே, 2005-இல் இந்தோனேஷிய அரசு கடைக்கோடித் தீவுகள் 92-ஐப் பட்டியலிட்டு அவற்றின் பராமரிப்புக்கு ஆணை பிறப்பித்தது. 2017-இல் அப்பட்டியல் 111 ஆக விரிந்தது.

கடல் பிரிக்கிறதா, இணைக்கிறதா?

இச்சிறு தீவுகளுக்கு இத்துணை முதன்மை ஏன்? விடை சட்டத்தில் இருக்கிறது. 1939-இல் டச்சுக்காரர் வகுத்த விதிப்படி ஒவ்வொரு தீவுக்கும் அதனைச் சுற்றி மூன்று கடல்மைல் மட்டுமே உரிமை. அதற்கப்பால் எவர் கப்பலும் செல்லலாம். ஜாவாவுக்கும் போர்னியோவுக்கும் இடையில், ஒரே நாட்டின் இரு தீவுகளுக்கு நடுவே, அந்நியப் போர்க்கப்பல்கள் தடையின்றி உலவின. மேற்கு நியூகினி தொடர்பான பூசல் முற்றியிருந்த காலத்தில் இது அந்நாட்டிற்குப் பெரும் இடராயிற்று.

1957 டிசம்பர் 13 அன்று பிரதமர் ஜுவாண்டா ஒரு பிரகடனம் வெளியிட்டார். அதற்குச் சட்ட வடிவம் தந்தவர்களுள் முதன்மையானவர் மொக்தார் குசுமாஅத்மஜா என்னும் இளம் அறிஞர். கடைக்கோடித் தீவுகளின் கடைமுனைகளை நேர்கோடுகளால் இணைத்து, அக்கோடுகளுக்கு உட்பட்ட நிலமும் நீரும் ஒரே நாடு எனக் கொள்ளவேண்டும் என்பதும், அக்கோடுகளிலிருந்து வெளியே 12 கடல்மைல் பிராந்தியக் கடலாகும் என்பதும் அதன் சாரம். வல்லரசுகள் மறுத்தன. கால் நூற்றாண்டு வாதாடிய பின், 1982-இல் நிறைவேறிய ஐ.நா. கடற்சட்ட உடன்படிக்கையின் நான்காம் பகுதி 'தீவுக்கூட்ட நாடு' என்னும் கருத்தை ஏற்றது. அவ்வாறு வரையப்படும் கோடுகளுக்குள் நீருக்கும் நிலத்துக்குமான விகிதம் ஒன்றுக்கு ஒன்று முதல் ஒன்பதுக்கு ஒன்று வரை இருக்கவேண்டும் என்றும், கோடு ஒன்றின் நீளம் பொதுவாக 100 கடல்மைலைத் தாண்டலாகாது என்றும் அது வரையறுத்தது. 1994 முதல் அது நடைமுறையிலுள்ளது. பிற நாட்டுக் கப்பல்கள் கடந்து செல்ல வடக்கு-தெற்காக மூன்று கடல்வழிகளை இந்தோனேஷியா ஒதுக்கியிருக்கிறது.

எனவே மியாங்காஸின் பாறையும் டானாவின் மணலும் வெறும் பாறையும் மணலும் அல்ல. முழுநாட்டையும் சூழ்ந்து கட்டும் கயிற்றின் முடிச்சுகள் அவை. ஒரு முடிச்சு அவிழ்ந்தால் உட்பக்கமாகப் பெரும் நீர்ப்பரப்பு கைவிட்டுப் போகும்.

ஒரே கிப்லா, மூன்று நேரங்கள்

இனிச் சட்டத்தின் கோடுகளை விட்டு வானத்தின் கோடுகளுக்கு வருவோம். 46 பாகை நெட்டாங்கு அகலமுடைய நாட்டில், கிழக்கு முனையில் உதித்த சூரியன் மேற்கு முனையில் உதிக்க மூன்று மணிநேரத்திற்கும் மேலாகும். ஆகவே நாடு மூன்று நேர மண்டலங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. மெராவ்கேயின் பள்ளிவாசலில் மஃரிபு பாங்கு ஒலிக்கும்போது, சபாங்கில் அஸர் பாங்கே இன்னும் ஒலித்திருக்காது. சபாங்கு மக்கள் அஸர் தொழுது முடிக்கையில் மெராவ்கேயில் இருள் சூழ்ந்திருக்கும்.

நேரம் இவ்வாறு விலகினாலும் திசை விலகவில்லை என்பது வியப்புக்குரியது. நான்கு முனைகளிலிருந்தும் கஃபாவின் திசையைக் கோள முக்கோணக் கணிதப்படி கணித்தால், சபாங்கில் மேற்கிலிருந்து வடக்கே சுமார் 22 பாகையும், மெராவ்கேயில் சுமார் 20 பாகையும், மியாங்காஸில் சுமார் 21 பாகையும், ரோத்தேயில் 22 பாகைக்குச் சற்று மேலும் வருகிறது. இந்நான்கு முனைகளுக்கிடையே கிப்லாவின் வேறுபாடு மூன்று பாகைக்குள் அடங்கிவிடுகிறது.

எனினும் கிப்லாவைச் சரிபார்க்கும் முறையில் கிழக்கிற்கு ஒரு தனிநிலை உண்டு. ஆண்டுக்கு இருமுறை, மே 27-28-இலும் ஜூலை 15-16-இலும், நண்பகலில் சூரியன் கஃபாவின் உச்சிக்கு நேரே வருகிறது. அக்கணத்தில் சூரியன் தெரியும் திசையே கிப்லா. மேற்கு இந்தோனேஷியாவில் அப்போது மாலை நான்கரையை நெருங்கும் வேளை. மெராவ்கேயிலோ சூரியன் மறைந்துவிட்டிருக்கும். அங்குள்ளோர் பயன்படுத்தத்தக்கவை, கஃபாவுக்கு நேர் எதிரே பூமியின் மறுபுறத்தில் சூரியன் உச்சிகொள்ளும் நவம்பர் இறுதி நாளும் ஜனவரி நடு நாளுமாகும். அப்போது மெராவ்கேயில் காலைப்பொழுது. நட்ட கோலின் நிழல் விழும் திசை கிப்லா. ஒரே திசையை மேற்கு சூரியனைக் கொண்டும் கிழக்கு நிழலைக் கொண்டும் அறிகிறது.

பிறை காணும் மேற்கு, காத்திருக்கும் கிழக்கு

திசை ஒன்றாகலாம், பிறை ஒன்றாகுமா? சந்திரன் சூரியனை விட்டு மணிக்கு ஏறக்குறைய அரைப் பாகை வீதம் விலகுகிறது. மெராவ்கேயில் சூரியன் மறைந்து மூன்று மணிநேரம் கழித்தே சபாங்கில் மறைவதால், அதற்குள் சந்திரன் மேலும் ஒன்றரைப் பாகை விலகியிருக்கும். கிழக்கில் கண்ணுக்குத் தெரியவே வாய்ப்பில்லாத பிறை, அதே மாலையில் மேற்கில் தெரியக்கூடும். இந்தோனேஷியா, மலேசியா, புருனை, சிங்கப்பூர் ஆகிய நாடுகளின் சமய விவகார அமைச்சர்கள் கூடி வகுத்த அளவுகோல், சூரியன் மறையும்போது பிறை குறைந்தது 3 பாகை உயரத்திலும், சூரியனிலிருந்து 6.4 பாகை விலகியும் இருக்கவேண்டும் என்கிறது. இந்தோனேஷியா 2022 முதல் இதனைப் பின்பற்றுகிறது.

ஹிஜ்ரி 1446-ஆம் ஆண்டு ரமளானின் தலைப்பிறை இதற்கு ஓர் உரைகல்லாக அமைந்தது. 2025 பிப்ரவரி 28 மாலை, நாட்டின் கிழக்கில் விலகல் 5 பாகையைக்கூட எட்டவில்லை. அச்சேயில் மட்டும் அது 6.4 பாகையை மயிரிழையில் தொட்டது. பிறை கண்டதாக அச்சேயிலிருந்து சாட்சியம் வந்தது, சத்தியம் செய்யப்பட்டது, மார்ச் 1 அன்று நாடு முழுவதும் நோன்பு தொடங்கியது. அதே அளவுகோலைக் கொண்ட மலேசியாவும் புருனையும் சிங்கப்பூரும் மார்ச் 2 அன்று தொடங்கின. மலாக்கா நீரிணைக்கு அக்கரையிலிருந்த மலேசியர் ஒரு நாள் பின்னரும், 5,000 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த மெராவ்கே முஸ்லிம்கள் அச்சேயுடன் ஒரே நாளிலும் நோன்பு நோற்றனர்.

இது எவ்வாறு பொருந்தும்? ஷாமிலிருந்து மதீனா திரும்பிய குரைப், அங்கு வெள்ளி இரவிலேயே பிறை காணப்பட்டதை அறிவித்தபோதும், இப்னு அப்பாஸ் (ரலி) மதீனாவில் கண்ட சனி இரவையே கொண்டார் என்னும் செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. இதனடியாகவே ஷாஃபிஈ அறிஞர்கள், ஓரிடத்துப் பிறை அண்மையூர்களையே கட்டுப்படுத்தும் என்றனர். அண்மையைத் தொலைவால் அளப்பதா, பிறை உதிக்கும் புலமாகிய மத்லஃ கொண்டு அளப்பதா என்பதில் இமாம் நவவி (ரஹ்) மத்லஃ என்பதையே தேர்ந்தார். அவ்வாறாயின் சபாங்கும் மெராவ்கேயும் ஒரே மத்லஃ ஆகா. இந்தோனேஷிய உலமாக்கள் இதற்குக் கண்ட வழி, ஓர் ஆட்சியின் எல்லைக்குட்பட்ட நிலம் முழுவதையும் ஒரே புலமாகக் கொள்ளும் 'விலாயத்துல் ஹுக்ம்' என்னும் கோட்பாடு. கருத்து வேறுபாடுள்ள விஷயத்தில் ஆட்சியாளரின் முடிவு பிணக்கைத் தீர்க்கும் என்ற ஃபிக்ஹு விதி அதற்குத் துணை. 2004-இல் அந்நாட்டு உலமா சபை, ரமளான், ஷவ்வால், துல்ஹஜ் ஆகிய மாதங்களின் தொடக்கத்தில் அரசின் அறிவிப்பைப் பின்பற்றுமாறு ஃபத்வா அளித்தது.

இதனை எல்லோரும் ஏற்றுவிடவில்லை. 1912-இல் தோன்றிய முஹம்மதிய்யா இயக்கம் நெடுங்காலம் கணக்கீட்டையே கொண்டிருந்தது. ஹிஜ்ரி 1447 முதல் உலகளாவிய ஒரே நாட்காட்டியை மேற்கொண்டுள்ளது. 1926-இல் தோன்றிய நஹ்ளத்துல் உலமாவோ கண்ணால் காண்பதை வலியுறுத்துகிறது. ஒரே தெருவில் இரு நாட்களில் பெருநாள் வருவது அங்கும் உண்டு. ஆயினும் ஒருவர் தொழுகைக்கு மற்றவர் இடையூறு செய்யாமை அங்குப் பொதுவாகப் பேணப்படுகிறது. பிறையின் பெயரால் ஜமாஅத்துகள் பிளந்ததைக் கண்ட தமிழ் முஸ்லிம்களாகிய நாம் ஆழ்ந்து எண்ணவேண்டிய செய்தி இது.

இவ்வேற்பாட்டின் சுமையைத் தாங்குவது கிழக்கு முனையே. சபாங்கில் சூரியன் மறையும் வேளை மெராவ்கேயில் இரவு ஒன்பதை நெருங்கிவிடும். பிறை ஐயத்திற்குரிய இரவுகளில், அன்று தராவீஹ் உண்டா என்பதை அறிய அவ்வூர் மக்கள் இஷாவுக்குப் பின்னும் காத்திருக்க நேர்கிறது. தாம் காணாத பிறையை, கண்ட சகோதரனின் சாட்சியத்தை நம்பி ஏற்கின்றனர்.

முடிவாக

நான்கு முனைகளும் நமக்கு உணர்த்துவது ஒன்றே. எல்லையை உண்டாக்குவது வரைகோலன்று; இடையறாத பராமரிப்பு. பால்மாஸ் தீர்ப்பு அதனைச் சட்டமாக்கியது; சிப்பாடான் தீர்ப்பு அதனை இழப்பின் வழி நினைவூட்டியது; அச்சேயும் பாப்புவாவும் அதனை மக்களின் துயரத்தால் எழுதிக் காட்டின. மறுபுறம், மேற்குக் கோடியின் ஒரு கண் கண்ட பிறைக்காகக் கிழக்குக் கோடி விழித்திருப்பது, ஒரு சமுதாயம் தன் முனைகளை எவ்வாறு பிணைத்துக்கொள்ளலாம் என்பதற்கு எடுத்துக்காட்டாகும். பாறையைக் கொண்டு அளக்காமல், ஊரைக் கொண்டு தம் நாட்டை அளந்த மக்களின் வழக்கே சரியானது. ஒரு நாடாயினும் ஓர் உம்மத்தாயினும், அது முடியும் இடம் கடைசிப் பாறை அன்று. தொலைவில் இருப்பவன் மீதான அக்கறை எங்கு நின்றுவிடுகிறதோ, அங்குதான் அது முடிகிறது.